‘தில்லு முல்லு’ முதலாளியின் இந்தி அண்ணன் ஏன் சிறைக்குப் போனார்? இந்திய இடதுசாரிக் கலைஞர்களின் கதை

‘தில்லு முல்லு’ பார்க்காதவங்க நம்மில் குறைவு. மீசை வைத்தவன்தான் ஒழுக்கமானவன் என்று நம்பும் முதலாளியாக தேங்காய் சீனிவாசன் பின்னியிருப்பார். அந்தப் படத்தின் மூலம் 1979-ல் வந்த இந்திப் படமான ‘கோல்மால்’. அதில் அதே முதலாளியாக நடித்தவர் உத்பல் தத்.

நம்மைச் சிரிக்க வைத்த அந்த முதலாளி, அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பு, விசாரணையே இல்லாமல் மாதக்கணக்கில் சிறையில் இருந்தவர்.

1965-ல் கொல்கத்தாவின் மினர்வா அரங்கில் அவர் மேடையேற்றிய நாடகம் ‘கல்லோல்’. 1946-ல் பம்பாயில் தொடங்கிய கடற்படை மாலுமிகளின் கிளர்ச்சிதான் கதை. நிஜத்தில், காங்கிரஸ், முஸ்லிம் லீக் தலைவர்கள் சொன்னதைக் கேட்டு அந்த மாலுமிகள் சரணடைந்தார்கள். உத்பல் தத்தின் மேடையில் அவர்கள் சரணடைய மறுத்தார்கள். அப்போது வங்காளத்திலும் மத்தியிலும் காங்கிரஸ் ஆட்சி. பெரிய நாளிதழ்கள் சில நாடகத்தின் விளம்பரத்தைக்கூட வாங்க மறுத்தன. ஆனாலும் அரங்கம் நிரம்பியது. அந்த ஆண்டே அவர் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். அவர் எழுதிய ஒரு கட்டுரை காரணமாகச் சொல்லப்பட்டாலும், உண்மையான காரணம் ‘கல்லோல்’தான் என்று அப்போதே பேச்சு இருந்தது.

ஒரு நாடகத்துக்கு அரசாங்கம் இவ்வளவு பயப்படணுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், சுதந்திரத்துக்கு முன்பிருந்து தொடரும் ஒரு நீண்ட கதை கிடைக்கும். எழுத்தாளர்கள், ஓவியர்கள், நடிகர்கள், பாடகர்கள் என ஒரு பெரிய கூட்டம் மக்களுக்காகக் கலை செய்வோம் என்று கிளம்பியது. முதலில் அரசோடு மோதியது. பிறகு சொந்தக் கட்சியோடும் மோதியது. கடைசியில், “யார் அந்த மக்கள்?” என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது.

எல்லாம் எங்கே தொடங்கியது?

1932 டிசம்பரில் லக்னோவில் ‘அங்காரே’ என்ற உருதுச் சிறுகதைத் தொகுப்பு வந்தது. எழுதியவர்கள் நான்கு இளைஞர்கள்: சஜ்ஜாத் ஜாகிர், அகமது அலி, மஹ்முதுஸ்ஸஃபர், ரஷீத் ஜஹான். மத ஆசாரங்களையும் பெண்கள் நடத்தப்படும் விதத்தையும் கதைகள் நேரடியாகத் தாக்கின. நால்வரில் ஒரே பெண்ணான ரஷீத் ஜஹான் ஒரு டாக்டர். அதிகமான மிரட்டல் வந்ததும் அவருக்குத்தான். 1933 மார்ச்சில் ஐக்கிய மாகாண அரசு புத்தகத்தைத் தடை செய்தது.

தடையோடு விஷயம் முடியவில்லை. 1936 ஏப்ரலில் அதே லக்னோவில் அகில இந்திய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாடு கூடியது. தலைமை தாங்கியவர் பிரேம்சந்த். அழகு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அந்த அளவுகோலையே மாற்ற வேண்டும் என்பது அவருடைய உரையின் சாரம். அரண்மனையும் காதலும் மட்டும்தான் அழகா? வயல் வரப்பில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வேர்க்க வேர்க்க வேலை செய்யும் பெண்ணிடம் அழகு இல்லையா? இப்படிக் கேட்டார் அவர்.

கேள்வி சரிதான். ஆனால் ஒரு சிக்கல். அந்தப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது. அன்றைய இந்தியாவில் பெரும்பான்மையோருக்குத் தெரியாது. புத்தகம் அவரிடம் போகாது என்றால், வேறு எது போகும்?

1943: பஞ்சம் கேட்ட கேள்வி

இதற்கு விடை தேடும் அவசரத்தை உண்டாக்கியது வங்கப் பஞ்சம். 1943-ல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. போர்க்காலக் கொள்கை, பதுக்கல், விலையேற்றம், அரசின் அலட்சியம் எல்லாம் சேர்ந்து உருவாக்கிய பேரழிவு அது.

அந்த ஆண்டு மே 25-ம் தேதி பம்பாயில் ‘இப்டா’ பிறந்தது. முழுப் பெயர் இந்திய மக்கள் நாடக மன்றம். அதை உருவாக்கியதில் முக்கியமானவர் இலங்கையில் பிறந்த அனில் டி சில்வா என்ற பெண். ‘மக்கள் நாடகம்’ என்ற பெயரைச் சொன்னவர் யார் தெரியுமா? ஹோமி பாபா. ஆமாம், இந்திய அணுசக்தித் திட்டத்தின் தந்தை என்று நாம் படித்த அதே ஹோமி பாபாதான்.

அன்றைய கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் பி.சி.ஜோஷிக்குக் கலை மேல் பெரிய நம்பிக்கை. ஓவியர் சித்தபிரசாத்தும் புகைப்படக்காரர் சுனில் ஜானாவும் பஞ்சம் பாதித்த ஊர்களுக்குப் போனார்கள். சித்தபிரசாத் மிதினாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சுற்றி, கண்ட காட்சிகளைக் கறுப்பு மையில் வரைந்தார். எலும்பும் தோலுமான மனிதர்களுக்குப் பக்கத்தில் அவர்களின் பெயரையும் நிலைமையையும் குறித்துவைத்தார். அது ‘ஹங்ரி பெங்கால்’ என்ற சிறு நூலாக வந்ததும், பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. இப்டாவின் சின்னமான முரசறையும் மனிதனை வரைந்தவரும் இதே சித்தபிரசாத்தான்.

1944-ல் பிஜன் பட்டாச்சார்யா எழுதிய ‘நபான்னா’ நாடகம் கொல்கத்தாவில் மேடையேறியது. கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்து பிச்சை எடுக்கும் ஒரு விவசாயக் குடும்பத்தின் கதை. அதுவரை புராண ராஜாக்களும் ஜரிகை உடைகளும் வந்துபோன மேடையில், கிழிந்த கோணியைச் சுற்றிக்கொண்டு நடிகர்கள் நின்றார்கள். வெளியே தெருவில் பார்த்தும் பார்க்காமல் தாண்டிவந்த மனிதர்களையே பார்வையாளர்கள் உள்ளே மேடையில் பார்த்தார்கள்.

இப்டா வேகமாகப் பரவியது. மகாராஷ்டிராவில் அண்ணாபாவு சாத்தேவும் அமர் ஷேக்கும் தமாஷா, பவாடா போன்ற நாட்டார் வடிவங்களில் தொழிலாளர் பிரச்சினையைப் பாடினார்கள். ஆந்திராவில் பிரஜா நாட்டிய மண்டலி புர்ரகதையைக் கையில் எடுத்தது. பள்ளியில் நீங்க பாடியிருக்கும் ‘சாரே ஜஹான் சே அச்சா’ பாடலின் இன்றைய மெட்டு, ரவிசங்கர் இப்டாவில் இருந்தபோது அமைத்தது. பல்ராஜ் சாஹ்னி, சலில் சவுத்ரி, கைஃபி ஆஸ்மி, ரயில்வே பணிமனைத் தொழிலாளியாக இருந்த ஷைலேந்திரா என்று இந்தி சினிமாவின் பொற்காலப் பெயர்களில் பலவும் இங்கிருந்து போனவைதான்.

தமிழுக்கும் ஒரு கிளை வந்தது. தேசப் பிரிவினை அகதிகளைப் பற்றி ‘சின்னமூல்’ என்ற வங்கப் படத்தை எடுத்த நிமாய் கோஷ் பின்னர் சென்னைக்கு வந்தார். அவர் இயக்கி 1960-ல் வெளியானதுதான் ‘பாதை தெரியுது பார்’. இப்டாவில் பாடி வளர்ந்த எம்.பி.சீனிவாசன் இசை, ஜெயகாந்தன் எழுதிய பாடல் என்று ஒரு தனிக் கூட்டணி அது.

அப்புறம் ஏன் உடைந்தது?

இங்கேதான் கதை திரும்புகிறது. அடி முதலில் உள்ளேயிருந்து வந்தது.

1948 தொடக்கத்தில் கொல்கத்தாவில் கூடிய கட்சி மாநாட்டில் பி.சி.ஜோஷி ஒதுக்கப்பட்டு, பி.டி.ரணதிவே தலைமைக்கு வந்தார். கிடைத்தது போலிச் சுதந்திரம், உடனடிப் புரட்சிதான் வழி என்று கட்சி பேசியது. மேற்கு வங்கம் உள்ளிட்ட இடங்களில் கட்சி தடை செய்யப்பட்டது. கலை, கட்சியின் அன்றைய முழக்கத்தை அப்படியே சொல்ல வேண்டும் என்ற அழுத்தமும் கூடியது. ‘நபான்னா’வை இயக்கியவர்களில் ஒருவரான சம்பு மித்ரா விலகி, 1948-ல் ‘பஹுரூபி’ என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். இன்னும் பலர் சத்தமில்லாமல் நகர்ந்தார்கள்.

இதில் அதிகம் காயப்பட்டவர் ரித்விக் கட்டக். இப்டாவில் எழுதி, நடித்து, இயக்கிய அவர், 1954-ல் கட்சித் தலைமைக்கு ஒரு நீண்ட அறிக்கை கொடுத்தார். கலைஞர்களைக் கட்சி எப்படி நடத்த வேண்டும், கலை நன்றாக இருப்பதே ஏன் முக்கியம் என்று அதில் வாதிட்டார். அடுத்த ஆண்டே அவர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். ‘மேக டாக்கா தாரா’ போன்ற படங்களை அதற்குப் பிறகுதான் எடுத்தார்.

ஆபீஸில் உண்மையாக உழைக்கிற ஒருவர் “நாம செய்ற முறை சரியில்ல” என்று எழுதிக் கொடுத்ததும், முதலில் வெளியேற்றப்படுவது அவராகவே இருப்பதை நீங்க பார்த்திருக்கலாம். கிட்டத்தட்ட அதே கதைதான்.

ஆனால் கட்டக் பிறகு புனே திரைப்படக் கல்லூரியில் பாடம் நடத்தினார். அங்கே அவரிடம் படித்தவர்களில் ஒருவர் கேரளத்தின் ஜான் ஆபிரகாம். அவர் தமிழில் எடுத்த படம்தான் 1977-ல் வந்த ‘அக்கிரகாரத்தில் கழுதை’. அதில் பேராசிரியராக நடித்தவர் நாம் மேலே பார்த்த எம்.பி.சீனிவாசன். அதே ஜான், 1980-களில் ‘ஒடெஸா’ என்ற குழுவைத் தொடங்கி, ஊர் ஊராகச் சென்று மக்களிடம் காசு திரட்டி ‘அம்மா அறியான்’ எடுத்தார். இன்றைய கிரவுட் ஃபண்டிங்குக்கு முன்னோடி என்று தாராளமாகச் சொல்லலாம்.

அரசு என்ன செய்தது?

பிரிட்டிஷார் 1876-ல் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மேடையில் ஆட்சியை விமர்சிக்கும் நாடகங்களைத் தடுப்பதுதான் நோக்கம். 1947-ல் பிரிட்டிஷார் போனார்கள், சட்டம் போகவில்லை.

1953-ல் லக்னோ இப்டா ‘ஈத்கா’ கதையை நாடகமாகப் போட்டது. பிரேம்சந்தின் அந்தக் கதையைப் பள்ளியில் நீங்க படித்திருக்கலாம். ஈத் சந்தையில் பொம்மை வாங்காமல், ரொட்டி சுடும்போது பாட்டியின் கை சுடாமல் இருக்க இடுக்கி வாங்கிவரும் சிறுவனின் கதை. அதில் ஆட்சியைக் கவிழ்க்க என்ன இருக்குன்னு கேட்காதீங்க. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே அனுமதி ரத்து என்று உத்தரவு வந்தது. குழு நிறுத்தவில்லை. வழக்கு அலகாபாத் உயர் நீதிமன்றம் வரை போனது. 1956-ல், அந்தச் சட்டம் அரசமைப்புச் சட்டம் தரும் கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று தீர்ப்பு வந்தது. என்றாலும், மத்திய சட்டப் புத்தகத்திலிருந்து அது முறையாக நீக்கப்பட்டது 2018-ல்தான்.

கேரளத்தில் இன்னொரு காட்சி. தோப்பில் பாசி எழுதி, கே.பி.ஏ.சி. குழு 1952 டிசம்பரில் மேடையேற்றிய ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ ஊர் ஊராக ஓடியது. அடுத்த ஆண்டு அரசு தடை விதித்தது, குழு மீறி நடித்தது. 1957-ல் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சியே வந்துவிட்டது. நாடகம்தான் ஆட்சியைக் கொண்டுவந்தது என்று சொன்னால் அது மிகை. ஆனால் நிலமும் சாதியும் பற்றி டீக்கடைகளில் பேச அந்த நாடகம் ஒரு மொழி கொடுத்தது என்பதைக் கேரளத்தில் யாரும் மறுப்பதில்லை.

தமிழ்நாட்டுக்கும் இதே போன்ற ஒரு சட்டம் 1954-ல் வந்தது. எம்.ஆர்.ராதாவின் நாடகங்களைக் குறிவைத்தே அது வந்ததாகப் பரவலாகச் சொல்வார்கள். எழுத்தாளரும் ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவை நடத்தியவருமான ஞாநி தொடுத்த வழக்கில், அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2013-ல். அதுவரை, நாடகம் போட நினைத்தவர்கள் ஸ்கிரிப்ட்டைத் தூக்கிக்கொண்டு போலீஸுக்குப் போக வேண்டியிருந்தது.

மேடையே வேண்டாம், தெரு போதும்

நெருக்கடி நிலை முடிந்த காலம். டெல்லியில் 1973-ல் தொடங்கப்பட்ட ஜன நாட்டிய மஞ்ச் (சுருக்கமாக ‘ஜனம்’) குழுவுக்குப் பணக் கஷ்டம். முன்பு பெரிய மேடை நாடகங்களுக்கு ஏற்பாடு செய்த தொழிற்சங்கங்களிடமும் இப்போது காசில்லை. பெரிய நாடகம் போட முடியாது என்றால் சின்ன நாடகம் போடுவோம் என்று கிளம்பினார்கள். குழுவின் முன்னணியில் இருந்தவர் சஃப்தர் ஹாஷ்மி. புனித ஸ்டீபன் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவர், கல்லூரி ஆசிரியராகவும் இருந்தவர்.

அந்த நேரத்தில் டெல்லிக்குப் பக்கத்தில் ஓர் ஆலையில் நடந்த போராட்டம் அவர்கள் காதுக்கு வந்தது. தொழிலாளர்கள் கேட்டது இரண்டே விஷயம். சைக்கிள் நிறுத்த ஓர் இடம். இடைவேளையில் டீ குடிக்க ஒரு கேன்டீன். நிர்வாகம் மறுத்தது, வேலைநிறுத்தம் நடந்தது, காவலாளிகள் சுட்டார்கள், ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இதிலிருந்து பிறந்ததுதான் 1978-ல் வந்த ‘மெஷின்’. ஓடும் நேரம் சுமார் 13 நிமிடம். செட் இல்லை, விளக்கு இல்லை, மைக் இல்லை. நடிகர்களே ஒருவரோடு ஒருவர் இணைந்து, கையும் காலும் அசைத்து, சத்தம் எழுப்பி ஓர் இயந்திரமாக ஓடுவார்கள். திடீரென்று இயந்திரம் நின்றுவிடும். ஏன் நின்றது என்பதுதான் நாடகம். பஸ் கட்டணம் உயர்ந்தபோது அதைப் பற்றி ஒரு நாடகம், பெண்களின் நிலை பற்றி ‘அவ்ரத்’ என்று தொடர்ந்து போட்டார்கள். ஆலை வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் வட்டமாக ஆட்கள் நின்றால் போதும், அதுதான் அரங்கம்.

கொல்கத்தாவில் பாதல் சர்க்கார் இன்னொரு வழியில் இதே இடத்துக்கு வந்திருந்தார். தொழிலால் அவர் சிவில் இன்ஜினியர், நகரத் திட்டமிடல் வல்லுநர். டிக்கெட்டும் மேடையும் தேவைப்படாத ‘மூன்றாம் அரங்கு’ என்ற முறையை உருவாக்கினார். 1980-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் அவர் நடத்திய பட்டறை, தமிழ் வீதி நாடகத்துக்குப் பெரிய உந்துதலாக இருந்தது.

1989 ஜனவரி 1: ஜண்டாபூரில் நடந்தது என்ன?

டெல்லியை ஒட்டிய சாகிபாபாத் தொழிற்பேட்டையில் ஜண்டாபூர் என்ற தொழிலாளர் குடியிருப்பு. உள்ளாட்சித் தேர்தல் நேரம். முந்தைய நவம்பரில் டெல்லி வட்டாரத்தில் நடந்த ஏழு நாள் வேலைநிறுத்தத்தை ஒட்டி ‘ஜனம்’ உருவாக்கிய ‘ஹல்லா போல்’ நாடகம், மார்க்சிஸ்ட் கட்சி வேட்பாளருக்கு ஆதரவாக அங்கே நடந்துகொண்டிருந்தது. காங்கிரஸ் ஆதரவு வேட்பாளரின் கூட்டம் வந்து வழி கேட்டது. நாடகம் முடியும் வரை காத்திருங்கள், இல்லையென்றால் வேறு பாதையில் போங்கள் என்றார் சஃப்தர். போனவர்கள் தடிகளோடும் துப்பாக்கிகளோடும் திரும்பி வந்தார்கள்.

ராம் பகதூர் என்ற நேபாளத் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். தலையில் கடுமையாகத் தாக்கப்பட்ட சஃப்தர் மறுநாள் டெல்லி மருத்துவமனையில் இறந்தார். வயது 34.

ஜனவரி 4-ம் தேதி, சஃப்தரின் மனைவியும் நடிகையுமான மாலயஸ்ரீ ஹாஷ்மி குழுவோடு அதே ஜண்டாபூருக்குப் போனார். பாதியில் நின்ற நாடகத்தை அதே இடத்தில் நடித்து முடித்தார்கள். இறந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்க 2003 வரை ஆனது.

விமர்சனமே இல்லையா?

நிறைய இருக்கிறது. 1942-ல் சோவியத் யூனியன் நேச நாடுகள் பக்கம் நின்றதால், இது மக்கள் போர் என்று சொல்லி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை எதிர்த்தது. அந்த ஆண்டில் கட்சி மீதான தடை நீங்கியது, காங்கிரஸ்காரர்கள் சிறைக்குப் போனார்கள். அந்த வெளியில்தான் இப்டா வளர்ந்தது. இதை எதிர்ப்பாளர்கள் இன்றும் சுட்டிக்காட்டுகிறார்கள்.

இரண்டாவது, சாதி. இந்தக் குழுக்களை வழிநடத்தியவர்கள் பெரும்பாலும் படித்த, ஆதிக்கசாதி, நடுத்தர வர்க்கத்தினர். வர்க்கத்தைப் பற்றி உரக்கப் பேசியவர்கள் சாதியைப் பற்றி மெல்லப் பேசினார்கள். அண்ணாபாவு சாத்தேயையே எடுத்துக்கொள்ளுங்க. மாங் என்ற தலித் சாதியில் பிறந்து, பள்ளிப் படிப்பே கிட்டத்தட்ட இல்லாமல், ஆலைத் தொழிலாளியாக வாழ்ந்து நாவல்களும் பாடல்களும் எழுதியவர். 1969-ல் வறுமையில் இறந்தார். அவரோடு மேடை ஏறிய சிலர் புகழின் உச்சிக்குப் போயிருந்தார்கள்.

மூன்றாவது, தரம். கெட்டவன் முதலாளி, நல்லவன் தொழிலாளி, கடைசியில் செங்கொடி என்று அலுப்பூட்டிய நாடகங்களும் ஏராளம். கட்டக் எழுதிக் கொடுத்ததும் சுற்றிவளைத்து இதைப் பற்றித்தான்.

சரி, இதெல்லாம் இப்ப நமக்கு எதுக்கு?

இன்று அரசியல் கருத்து சொல்ல ஆலை வாசலுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு ரீல் போட்டால் லட்சம் பேர் பார்ப்பார்கள். ஆனால் அந்த லட்சம் பேர் யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்க. பெரும்பாலும் நம்மைப் போலவே நினைக்கிறவர்கள். உங்க ஆபீஸ் வாசலில் நிற்கும் ஒப்பந்தக் காவலாளிக்கும், மதியச் சாப்பாடு கொண்டுவரும் டெலிவரி ஊழியருக்கும் வண்டி நிறுத்த நிழல் இருக்கிறதா, டீ குடிக்க இடம் இருக்கிறதா? 1978-ல் ‘மெஷின்’ கேட்டது இதைத்தான். அந்த நாடகத்தை நடித்தவர்கள், யாரைப் பற்றி நடித்தார்களோ அவர்கள் முன்னாலேயே போய் நின்றார்கள். பிடிக்கவில்லை என்றால் அந்தத் தொழிலாளி அங்கேயே எழுந்து போய்விடலாம், தப்பு என்றால் அங்கேயே கேட்கலாம். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுத்த நாடகங்களே நின்றன.

‘ஜனம்’ குழு ஆண்டுதோறும் ஜனவரி 1-ம் தேதி ஜண்டாபூருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சஃப்தரின் பெயரில் டெல்லியில் அறக்கட்டளை இருக்கிறது, அவர் பிறந்த ஏப்ரல் 12 தேசிய வீதி நாடக நாளாகக் கொண்டாடப்படுகிறது. ராம் பகதூரின் பெயரை வெளியே பலருக்குத் தெரியாது. ஜண்டாபூரில் மட்டும் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.